ஆயிரம் வீட்டு ஜன்னல்



இஷாத் தொழுகை முடிந்து ஒரு குடும்பத் தலைவர் வீடு திரும்புகிறார். கூடத்துச் சுவரில் சாய்ந்தபடி மூத்த மகன். உள்ளறைக் கட்டிலில் மகள். அடுப்படி வேலையை முடித்துவிட்டு வாசற்படியில் அமர்ந்திருக்கும் மனைவி. மூவர் கையிலும் கைப்பேசி. மூவர் முகத்திலும் அதன் வெளிச்சம். அவர் சொன்ன சலாமுக்குப் பதில் வருகிறது. தலை எவருக்கும் நிமிரவில்லை. உணவை முடித்துக்கொண்டு அவரும் தம் சட்டைப்பையில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஒரு மூலையைத் தேடுகிறார். ஒரே கூரையின் கீழ் நால்வர் இருந்தும், அந்த வீடு ஆளில்லாத வீடாகக் கிடக்கிறது.

இந்தக் காட்சியை நான் வெளியே தேடிப் பிடிக்கவில்லை. என் வீட்டிலேயே கண்டேன்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, எட்டு வயதான என் இளைய மகன் மறுநாள் பாடத்தை என்னிடம் ஒப்புவித்துக்கொண்டிருந்தான். நான் 'ம்... ம்...' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓதி முடித்ததும் அவன் சற்று நேரம் என்னையே பார்த்தான். பிறகு, "வாப்பா, நடுவிலே ரெண்டு வரியை வேணும்னே விட்டுட்டேன். நீங்க கவனிக்கல" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னான். ஊரார் பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் ஓதிக்கொடுத்து, ஓர் எழுத்துப் பிசகினாலும் திருத்துகின்ற நான், என் பிள்ளையின் இரண்டு வரிகளைத் தவறவிட்டேன்.

அந்த நேரத்தில் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு கலைக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் கட்டியிருந்த புதிய வீட்டின் படங்களை! அன்றிரவு என் வீட்டின் ஒழுகும் ஓடு வழக்கத்தைவிட அதிகமாக ஒழுகுவதுபோல் எனக்குத் தோன்றிற்று. காரணமின்றி மனைவியிடம் எரிந்து விழுந்தேன். ஒரே இரவில் ஒரு கைப்பேசி என் மகனின் குரலையும் என் மன நிம்மதியையும் எடுத்துக்கொண்டது எப்படி? அதைத் தேடிப் படிக்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

கருவி செய்த நன்மை

கருவியைப் பழிப்பதற்கு முன் அது செய்த நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் வளைகுடா நாட்டு வருமானத்தால் வாழ்பவை. 1980களில் அங்கிருந்து ஒரு கடிதம் வந்து, இங்கிருந்து பதில் போய்ச் சேர ஒரு மாதம் ஆகிவிடும். பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிய காலமும் உண்டு. அந்த நாடாவை வீடே கூடியிருந்து கேட்கும். பிறகு எஸ்.டி.டி. கடைகளின் முன் வரிசையில் நின்றோம். இன்றோ, ரியாத்தில் இருக்கும் தந்தை தம் மகள் முதன்முதலாக எழுந்து நிற்பதைத் திரையில் நேருக்கு நேராகக் காண்கிறார். இதனால் ஆறுதல் பெற்ற உள்ளங்கள் எத்தனை! இந்த நன்மையை மறுப்பது நன்றி மறப்பதாகும்.

ஆனால், நாம் கைப்பேசியில் செலவிடும் நேரத்தில் இத்தகைய பேச்சுக்குரிய பங்கு எவ்வளவு? உரியவரோடு பேசுவது ஒரு செயல். முன்பின் அறியாதவர், பாதி அறிந்தவர், நன்கறிந்தவர் என ஆயிரம் பேருடைய வாழ்க்கையை விரலால் தள்ளித்தள்ளி வேடிக்கை பார்ப்பது வேறொரு செயல். கருவி ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். முன்னது நம்மை உறவினராக வைத்திருக்கிறது. பின்னதோ, நம்மைத் தெருவில் நின்று பிறர் வீட்டு ஜன்னலைப் பார்ப்பவராக ஆக்கிவிடுகிறது.

ஹார்வர்டில் தொடங்கிய கதை

2004 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காக முகநூல் தொடங்கப்பட்டது. எல்லாக் கல்லூரிகளுக்கும் அது ஒரே நாளில் போய்விடவில்லை. ஒரு கல்லூரிக்கு முதலில், மற்றொன்றுக்குச் சில மாதம் கழித்து எனப் படிப்படியாகச் சென்று, 2006 செப்டம்பரில்தான் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடம் உடல்நலமும் மனநலமும் பற்றிய கணக்கெடுப்பு ஒன்றும் தொடர்ந்து நடந்துவந்தது. பொருளியல் அறிஞர் மூவர் இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, 2022இல் முடிவை வெளியிட்டனர். முகநூல் வந்துசேர்ந்த கல்லூரிகளில் மாணவரின் மனநலம் சரிந்திருந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் கூடியிருந்தன. மனம் சரியில்லாததால் படிப்புக் கெட்டது என்று சொன்னவர்களும் கூடியிருந்தனர்.

இதற்குக் காரணம் என்ன? மற்றவரோடு தம்மை ஒப்பிட்டுத் தம்மைக் குறைவாக எண்ணியதே என்பதை நோக்கியே அவர்களுடைய சான்றுகள் சென்றன. அன்றைய முகநூல் மிக எளியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 'லைக்' பொத்தான்கூட அதில் இல்லை. அது 2009 பிப்ரவரியில்தான் வந்தது. அந்த வெறும் பக்கமே அவ்வளவு செய்ததென்றால், இன்று நம் பிள்ளைகள் கையில் இருப்பது என்ன செய்யாது!

பொறாமையைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முன்பு பொறாமைக்கும் ஓர் எல்லை இருந்தது. பக்கத்து வீட்டார் நகை வாங்கினால் கண்ணில் பட்டது. அதே பக்கத்து வீட்டார் அந்த நகையை அடகு வைத்ததும் காதில் விழுந்தது. அவர்களுடைய சிரிப்பும் தெரியும். சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும் அழுகையும் தெரியும். ஆகவே கணக்கு ஒருவாறு சரியாகிவிடும். திரையில் தெரியும் வீடுகளுக்கோ நகை வாங்கும் நாள் மட்டுமே உண்டு; அடகு வைக்கும் நாள் இல்லை. நம் வீட்டின் அடுப்படியை அவர்கள் வீட்டின் வரவேற்பறையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று குமைகிறோம்.

இது பிள்ளைகளை எப்படித் தாக்குகிறது என்பது இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனத்துக்கே தெரிந்திருந்தது. அந்நிறுவனம் தனக்குள் நடத்திய ஆய்வுகள் 2021 செப்டம்பரில் பத்திரிகை வாயிலாக வெளியே வந்தன. தம் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருந்த பருவப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த நோவை மேலும் கூட்டியதாகக் கூறியிருந்தனர். அந்த ஆய்வுகள் தவறாகப் பொருள் கொள்ளப்படுகின்றன என்று நிறுவனம் விளக்கம் தந்தது. எனினும், அழகான பிள்ளையொன்று கண்ணாடி முன் நின்று தன் நிறத்தையும் மூக்கையும் வெறுப்பதைக் கண்ட தாய்மாருக்கு அந்த விளக்கம் போதுமா?

பிறர் துயரத்தின் ஜன்னல்

ஜன்னலில் தெரிவது மகிழ்ச்சி மட்டுமன்று. 2023 அக்டோபருக்குப் பின் காஸாவிலிருந்து வந்த காட்சிகளைக் காணாத முஸ்லிம் வீடு இருக்காது. இடிபாடுகளுக்கிடையே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் தகப்பன்மாரை உணவு உண்ணும்போதும் பார்த்தோம். உறங்கப் போகும்போதும் பார்த்தோம். பாராமல் இருப்பது அவர்களைக் கைவிடுவதாகும் என்று பலர் எண்ணினோம்.

இங்கே ஒரு செய்தியை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓட்டப்பந்தயத்தின்போது குண்டுகள் வெடித்தன. அதன்பின் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஆய்வாளர் விசாரித்தனர். அந்நிகழ்ச்சி பற்றிய செய்திகளையும் படங்களையும் அடுத்த வாரத்தில் நாளொன்றுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ பார்த்தவர்களின் மன நெருக்கடி, குண்டு வெடித்த இடத்திலேயே இருந்தவர்களின் மன நெருக்கடியையும் விஞ்சியிருந்தது. காட்சியை மீண்டும் மீண்டும் பார்ப்பது, அந்த இடத்துக்கே மீண்டும் மீண்டும் சென்று வருவதைப் போன்றதாகிவிடுகிறது.

இதற்காக அநீதியைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். கூடாது. ஆனால் நூறு முறை பார்த்ததால் அங்குள்ள ஒரு குழந்தைக்கு ஒரு கவளமும் போய்ச் சேரவில்லை. செய்தியை நாளுக்கு ஒருமுறை அறிந்துகொண்டு, இயன்றதை நம்பகமான வழியில் கொடுத்து, அவர்களுக்காகக் கையேந்துபவரே அவர்களுக்கு உதவியவர் ஆவார். உறக்கம் கெட்டு, பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்து, நாளடைவில் எதையும் உணராமல் மரத்துப்போகும் உள்ளம் யாருக்கும் உதவாது. சிறு பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது அத்தகைய படங்களைத் திறக்கவே வேண்டாம்.

விரல் ஏன் நிற்பதில்லை?

'ஐந்து நிமிடம்' என்று எடுத்தவர் ஒரு மணி நேரம் கழித்துத் தலை நிமிர்வதை அவருடைய மனவலிமைக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, பத்திரிகைக்கும் உண்டு. அங்கே வந்ததும் மனம் தானாக நின்று, 'போதுமா?' என்று கேட்டுக்கொள்கிறது. திரையில் கீழே தள்ளத்தள்ள முடிவின்றி வந்துகொண்டே இருக்கும் அமைப்பை 2006இல் உருவாக்கிய ஏஸா ராஸ்கின் என்பவரே, பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். அதில் கடைசிப் பக்கமே இல்லை.

மேலும், பத்துத் தடவை தள்ளினால் ஒன்பது தடவை வருவது சாரமற்றதாக இருக்கும். பத்தாவதில் சுவையான ஒன்று வரும். எது எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்கே மனம் மிகுதியாக அடிமைப்படும் என்பது உளவியலார் நெடுங்காலமாக அறிந்த உண்மை. தூண்டில் போட்டு அமர்ந்திருப்பவர் பொழுது போவதே தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே மனநிலைதான். இங்கே மீன் பிடிப்பவர் நாமல்லர் என்பதே வேறுபாடு.

இப்படிக் கழியும் நேரம் பெரும்பாலும் உறக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. ஃபஜ்ருக்குப் பின் என்னிடம் ஓத வரும் பிள்ளைகளில் யார் முந்தைய இரவு கைப்பேசியோடு படுத்தவர் என்பதை அவர்களின் கண்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். மனப்பாடம் நிற்பதில்லை, சிறு சொல்லுக்கும் கண் கலங்குகிறது. உறக்கம் குறைந்த உள்ளம் சிறு கவலையையும் மலையாகக் காணும்.

எல்லோருக்கும் ஒரே அளவா?

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் 3,55,000க்கும் மேற்பட்ட இளையோரின் விவரங்களை ஆராய்ந்து, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2019இல் ஒரு முடிவை வெளியிட்டனர். இளையோரின் மனநலத்தில் காணப்படும் ஏற்றத்தாழ்வுகளில் இத்தகைய கருவிகளோடு தொடர்புபடுத்தக்கூடியது அதிகம் போனால் 0.4 விழுக்காடுதான் என்றனர். கைப்பேசி தொட்ட பிள்ளையெல்லாம் கெட்டுவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆனால் சராசரி என்பது ஒரு திரை. ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்றாலும், மடுவில் கால் வைத்தவர் மூழ்கத்தான் செய்வார். அந்த மடு எங்கே இருக்கிறது? 2022இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று, பெண்பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயது வரையிலும், ஆண்பிள்ளைகளுக்கு 14, 15 வயதிலும், இருபாலருக்கும் 19 வயதை ஒட்டியும் இத்தளங்களை மிகுதியாகப் பயன்படுத்துவது, ஓராண்டுக்குப் பின் வாழ்க்கையில் மனநிறைவு குறைவதோடு தொடர்புடையது என்று கண்டது. மனநிறைவு குறைந்த பிள்ளைகள் இன்னும் அதிகமாக இத்தளங்களுக்குள் செல்கின்றனர் என்பதையும் அது கண்டது. துயரம் திரைக்குத் தள்ளுகிறது. திரை துயரத்தை வளர்க்கிறது.

முகநூலும் இன்ஸ்டாகிராமும் 13 வயது நிரம்பாதவருக்குக் கணக்கு அளிப்பதில்லை என்பது அந்நிறுவனங்களே வகுத்த விதி. ஆஸ்திரேலியா ஒருபடி மேலே சென்று, 16 வயதுக்குட்பட்டோர் இத்தகைய தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. நம் வீட்டு ஆறாம் வகுப்புப் பெண்ணுக்குப் பொய்யான பிறந்த ஆண்டைப் பதிந்து கணக்குத் தொடங்கிக் கொடுத்தவர் யார் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம்.

நம் வீடுகளின் தனி வேதனை

நம் குடும்பங்களுக்கே உரிய வேதனை ஒன்றும் இருக்கிறது. கணவர் கடல் கடந்து இருக்கிறார். அவர் செய்தியைப் படித்துவிட்டார் என்று 2014 முதல் வாட்ஸ்அப்பில் நீலக் குறி காட்டிக்கொடுக்கிறது. பதில் வரவில்லை. அவர் வேலைத் தளத்தில் மேலாளர் எதிரே நிற்கலாம். வெயிலில் சோர்ந்து கண்ணயர்ந்திருக்கலாம். இங்கே இருப்பவளின் உள்ளமோ அந்த இரண்டு நீலக் கோடுகளிலிருந்து ஒரு பெருங்கதையை எழுதிவிடுகிறது. அங்கே இருப்பவரும், தங்கையின் திருமண விருந்தை வரிசை வரிசையாக 'ஸ்டேட்டஸ்' படங்களில் பார்த்துவிட்டு, அறைத் தோழர்கள் உறங்கிய பின் போர்வைக்குள் அழுகிறார். கடிதக் காலத்தில் பிரிவு இருந்தது; ஆனால் தாம் இல்லாத விருந்தை நொடிக்கு நொடி காணும் தண்டனை இருந்ததில்லை.

இதற்கு மருந்து எளியது. படங்களை அனுப்புவதற்குப் பதிலாக, அன்று இரவு பத்து நிமிடம் அவரை அழைத்துப் பேசுங்கள். "நீங்க இல்லாம பந்தியிலே உங்க இடம் வெறுமையா இருந்துச்சு" என்று ஒரு சொல் சொல்லுங்கள். நூறு படங்கள் செய்யாததை அது செய்யும்.

குறைத்தவர்கள் கண்ட பலன்

2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினர் முகநூல், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஆகிய மூன்றையும் நாளொன்றுக்குத் தளத்துக்குப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொண்டனர். மூன்றே வாரத்தில் அவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. வியப்பு என்னவென்றால், நேரத்தைக் குறைக்காமல் தம் பயன்பாட்டைக் கணக்கிட்டு வந்த மற்றப் பகுதியினருக்கும் பதற்றம் சற்றுத் தணிந்தது. கணக்குப் பார்ப்பதே பாதி மருந்து!

அதே ஆண்டில் மற்றொரு சோதனையில், முகநூலை நான்கு வாரம் நிறுத்திவைத்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிஞ்சியது. குடும்பத்தாரோடும் நண்பரோடும் கழித்த நேரம் கூடியது. நாட்டு நடப்பை அறிவது சற்றுக் குறைந்தது. மன மகிழ்ச்சி சிறிதளவு கூடியது. சோதனை முடிந்த பின்னும் அவர்கள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

என் வீட்டில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டையும் சொல்கிறேன். இஷாவுக்குப் பின் எல்லாக் கைப்பேசிகளும் கூடத்து அலமாரியில் இருக்கும். என்னுடையதுதான் முதலில் போக வேண்டும். கடல் கடந்தவர் அழைப்புக்கு மட்டும் விலக்கு. படுக்கையறைக்குள் கைப்பேசி வராது. எழுப்புவதற்கு எழுபது ரூபாய்க் கடிகாரம் ஒன்று வாங்கினோம். வெள்ளிக்கிழமை தோறும் அவரவர் கைப்பேசி காட்டும் பயன்பாட்டு நேரத்தை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறோம். முதல் வாரத்தில் வெட்கப்பட்டவர் வீட்டிலேயே மூத்தவர்தான்! யாருடைய பக்கத்தைப் பார்த்தால் மனம் குமைகிறதோ, அவர் நல்லவரேயானாலும், அவர் பக்கம் கண்ணில் படாதபடி செய்துவிட்டோம். நேரில் கண்டால் நலம் விசாரிக்கிறோம், உறவுக்குக் குறைவில்லை.

ஒன்றை மறந்துவிடலாகாது. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை, 'நான் எதற்கு இருக்கிறேன்' என்ற பேச்சு ஆகியவை ஒரு பிள்ளையிடமோ பெரியவரிடமோ தென்பட்டால், அது கைப்பேசியைப் பிடுங்கித் தீர்க்கும் காரியமன்று. ஈமான் குறைவு என்று சொல்லி வாயை அடைப்பதும் தகாது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வதுபோல இதற்கும் செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உயிரைக் குறித்த பேச்சு வந்துவிட்டால் காலையாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியேயும் விட வேண்டாம்.

சகோதர சகோதரிகளே! ஆயிரம் வீட்டு ஜன்னல்களைப் பார்த்து முடித்தவர் உலகில் எவருமில்லை. அதற்குள் நம் வீட்டுக் கதவைத் தட்டித்தட்டி ஓய்ந்துபோன கைகள் சில இருக்கின்றன. அவை மிகச் சிறிய கைகள், நெடுங்காலம் தட்டிக்கொண்டிரா.

என் மகன் இப்போதும் இடையிடையே ஒரு வரியை விட்டுவிட்டு ஓதிப் பார்க்கிறான். நான் உடனே நிறுத்தித் திருத்துகிறேன். அவன் சிரிக்கிறான். அவன் என்னைச் சோதிப்பதை நிறுத்தும் நாள் ஒன்று வரும். வாப்பா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்ற நம்பிக்கையால் அந்த நாள் வர வேண்டும். கேட்கவே மாட்டார் என்ற சலிப்பால் வந்துவிடக் கூடாது. அந்தக் கவலையோடுதான் ஒவ்வோர் இரவும் கைப்பேசியை அலமாரியில் வைக்கிறேன்.